தண்ணீர்மலைத் தோட்டத்தில் அம்மாவுடன் நடந்த காலைகள்

அம்மாவின் வலது முழங்காலில் மூட்டுத் தேய்மானம் தொடங்கிவிட்டதாகச் சொன்ன மருத்துவர், மாத்திரையைவிட நடைதான் முக்கியம், நாள்தோறும் அரைமணி நேரமாவது சமதரையில் நடக்க வேண்டும் என்று கூறி அனுப்பிவிட்டார். மறுநாளிலிருந்து அம்மா எங்கள் அடுக்குமாடி வீட்டின் பொது நடையில், ஒரு மின்தூக்கியிலிருந்து மற்றொரு மின்தூக்கி வரை, காயும் துணிகளுக்கும் அண்டை வீட்டாரின் செருப்பு அடுக்குகளுக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தார். நான்கே நாளில் அவருக்குச் சலித்துவிட்டது. "செவுத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்குப்பா நடக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறை போனதோடு சரி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் எட்டிப் பார்க்காத பினாங்குத் தாவரவியல் பூங்காவின் நினைவு அப்போதுதான் வந்தது.

முதல் பயணம் முழுத் தோல்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாவகாசமாகப் பசியாறிவிட்டு, ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனம் நிறுத்த இடம் தேடியே இருபது நிமிடம் போனது. கடைசியில் கிடைத்த இடத்திலிருந்து நுழைவாயில் வரை வெயிலில் நடந்ததிலேயே அம்மா களைத்துவிட்டார். உள்ளே கண்ணில் பட்ட முதல் இருக்கையில் உட்கார்ந்தவர் பத்து நிமிடம் கழித்து எழுந்து, "வீட்டுக்குப் போவோம்" என்றார். அவருக்குக் கால்தான் பலவீனமே தவிர விருப்பத்தில் குறைவில்லை என்பதையும், பிழை என்னுடைய நேரக் கணக்கில்தான் இருந்தது என்பதையும் அன்று மாலைதான் உணர்ந்தேன். எல்லாரும் எளிய நடை என்று சொல்லும் ஒரு பாதை, உட்காரும் இடம் எங்கே, நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, எந்த இடத்தில் திரும்பினால் குறைந்த தொலைவில் வண்டியை அடையலாம் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் முழங்கால் வலிக்காரருக்கு எளிதாகிறது. கடந்த பத்து மாதங்களில் நாங்கள் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இவற்றைத்தான்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பினாங்குத் தமிழர்கள் அந்தப் பகுதி முழுவதையும் தண்ணீர்மலை என்பார்கள். மலையிலிருந்து விழும் அருவியால் வந்த பெயர் அது. மலாயில் அங்கே போகும் சாலைக்கு ஜாலான் கெபுன் பூங்கா என்று பெயர். மலாய்ச் சொல்லுக்குப் பூ என்றுதான் பொருள், ஆனால் தமிழ்க் காதில் அது நம் பூங்காவாகவே விழுவதால், சிறுவயதில் அதைத் தமிழ்ப் பெயர் என்றே நான் நம்பியிருந்தேன். பிரிட்டிஷார் காலத்தில் கருங்கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பள்ளத்தாக்கில், 1884-ஆம் ஆண்டு சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியலாளரின் பொறுப்பில் தோட்டம் உருவாகத் தொடங்கியது. ஏறத்தாழ 29 ஹெக்டர் பரப்புள்ள இத்தோட்டம், 2021-இல் யுனெஸ்கோ அறிவித்த பினாங்குக் கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகிறது. மூன்று பக்கமும் காடு மூடிய மலை, நடுவே பாறைகளில் மோதி ஓடும் சிற்றாறு, ஆற்றின் இரு கரையிலும் புல்வெளியும் பெருமரங்களும் என்ற அமைப்பு அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது.

அம்மாவுக்கு அந்தச் சாலை வேறு காரணத்தால் மிகவும் பழக்கமானது. தைப்பூசத்துக்கு முன்தினம் வெள்ளி ரதம் நகரிலிருந்து புறப்பட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை வந்தடைவதும், காவடிகள் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு ஏறுவதும் இதே சாலை வழியாகத்தான். மலைமேல் 2012-இல் குடமுழுக்கு நடந்த புதிய ஆலயத்துக்கு 513 படிகள். இரண்டு ஆண்டுகளாக அம்மாவால் அந்தப் படிகளை ஏற முடியவில்லை, அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார். நடைக்குப் போகும்போது கோயிலைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கார்க் கண்ணாடி வழியாக மேலே பார்த்துக் கைகூப்புவார், நான் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் அந்தச் சாலை தண்ணீர்ப்பந்தல்களாலும் மக்களாலும் நிறைந்துவிடும், போக்குவரத்தும் மாற்றப்படும் என்பதால், அந்த வாரம் நடைக்குப் போக எண்ணுவோர் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது.

நேரத்துக்கு வருகிறேன். நம் நாட்டுக் கடிகாரத்தில் காலை ஏழு மணிக்குக்கூட வெளிச்சம் முழுதாக வந்திருக்காது. நாங்கள் இப்போது ஏழேகாலுக்குத் தோட்டத்தில் இருக்கிறோம். அந்நேரத்தில் வாகனம் நிறுத்த இடம் இருக்கும், தரை குளிர்ந்திருக்கும், எட்டரைக்குள் நடையும் முடிந்துவிடும். காலையில் எழ முடியாதவர்கள் மாலை ஐந்தரைக்குப் போகலாம், மேற்கே கொடிமலை நிற்பதால் நகரில் வெயில் அடிக்கும் நேரத்திலேயே தோட்டத்தில் நிழல் இறங்கிவிடும். ஆனால் மாலையில் மழைக்கு வாய்ப்பு அதிகம், கொசுவும் அதிகம். டெங்கிக் கொசு அதிகமாகக் கடிப்பது பொழுது புலரும் வேளையிலும் சாயும் வேளையிலும்தான் என்பதால், எந்த வேளையில் போனாலும் காலுக்கு மருந்து தடவிக்கொண்டு போவதே சரி. கார் இல்லாதவர்களுக்கு வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து கொம்தார் வழியாக வரும் 10-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பஸ் இருக்கிறது. கார் பழுதான ஒரு வாரம் அதில்தான் போனோம். போகும்போது சிரமமில்லை, திரும்பும்போது காத்திருப்பு நீளலாம் என்பதால் நடையில் எல்லாச் சக்தியையும் செலவழித்துவிடக் கூடாது.

நுழைவாயிலைத் தாண்டியதும் நாகலிங்க மரங்கள். இந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், அருவியையோ மலர்ப் பாத்திகளையோ சொல்ல மாட்டேன், இந்த மரங்களின் அடிப்பகுதியைத்தான் சொல்வேன். பூ கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்து கயிறுகளைப் போல் தொங்கும் தண்டுகளில் பூக்கிறது. ஆறு தடித்த இதழ்கள், உட்புறம் செம்மை, வெளிப்புறம் மஞ்சள் கலந்த வெளிறல். நடுவே சிறு லிங்கம் போன்ற மேடும், அதன்மேல் படம் எடுத்துக் கவிந்த பாம்பைப் போல மகரந்தத் தாள்களின் வளைவும். மணம் அதிகாலையில்தான் நன்றாகத் தெரிகிறது, வெயில் ஏறிய பிறகு பாதியாகிவிடுகிறது. அம்மா ஒரு நாள் கீழே கிடந்த பூவைக் கையில் எடுத்து, விரலால் அந்தப் படத்தை மெல்லத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, எங்கள் பாட்டி வீட்டுக்கு அருகில் இருந்த கோயில் மரத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் அது என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அதன் காய் கருங்கல் குண்டைப் போலக் கனமானது, முற்றினால் எந்த நேரத்திலும் விழும், உடைந்தால் நாற்றம் தாங்காது. எனவே பூவைப் பார்க்கிறவர்கள் காய்த்தொங்கலுக்கு நேர் கீழே நிற்க வேண்டாம். படம் எடுக்கும் ஆர்வத்தில் பலர் அங்கேதான் நிற்கிறார்கள்.

அங்கிருந்து தார்ச்சாலை உள்ளே சென்று, ஆற்றை ஒட்டிய கீழ்ச்சுற்றாகவும் மலைச்சரிவை ஒட்டிய மேல்சுற்றாகவும் பிரிகிறது. முழங்கால் வலிக்காரருக்கும் தள்ளுவண்டியில் குழந்தையைக் கொண்டுவருவோருக்கும் கீழ்ச்சுற்றே ஏற்றது. பெரும்பாலும் சமதரை, இடையிடையே பாலங்கள், அங்கங்கே இருக்கைகள். முதல் வாரங்களில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், ஒரு நாள் மாலை தனியாகப் போய், இருக்கைக்கும் இருக்கைக்கும் இடையே எத்தனை நிமிடம் ஆகிறது என்று அம்மாவின் வேகத்தில் நடந்து பார்த்ததுதான். பெரும்பாலானவை மூன்று நான்கு நிமிட இடைவெளியில் இருந்தன, ஓரிடத்தில் மட்டும் அதைவிட நீண்டது. அந்த இடத்துக்கு முன்பு கட்டாயம் உட்கார வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அம்மாவின் நடை அதன் பிறகுதான் நிலைபெற்றது. அடுத்து உட்காரும் இடம் எங்கே என்று தெரிந்துவிட்டால் அவர் நடையில் பதற்றம் இருப்பதில்லை.

ஊன்றுகோலைப் பற்றி இயன்முறைச் சிகிச்சையாளர் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டத்தில் நான் பார்க்கும் முதியவர்களில் பாதிப்பேர் அதைத் தவறாகத்தான் பிடிக்கிறார்கள். வலிக்கும் காலின் பக்கம் கோலைப் பிடிப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலது முழங்கால் வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும், வலது காலும் கோலும் ஒன்றாக முன்னே செல்ல வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அம்மா இதை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். இறக்கம் ஏற்றத்தைவிட எளிது என்பது மூச்சுக்குப் பொருந்தும், முழங்காலுக்குப் பொருந்தாது. உடலின் எடையைத் தாங்கிப் பிடித்து இறக்கும் வேலை முழுவதும் அந்த மூட்டின்மேல் விழுகிறது. இதை அறியாமல், மூன்றாம் மாதத்தில் அம்மா தெம்பாக இருந்த ஒரு நாள் மேல்சுற்றுக்கு அழைத்துச் சென்றேன். ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறியவர், இறங்கி முடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த மூன்று நாள் வீட்டில் வெந்நீர் ஒத்தடம். இப்போது மேல்சுற்றில் சிறிது தூரம் ஏறி, மரங்களுக்கு இடையே கீழே தெரியும் புல்வெளியைப் பார்த்துவிட்டு, குறுக்கும் மறுக்குமாக மெல்ல அடிவைத்து அதே வழியில் திரும்பிவிடுகிறோம். முழுச் சுற்றை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எனக்குத்தான் இருந்தது.

கீழ்ச்சுற்றின் அழகு தூங்குமூஞ்சி மரங்களில் இருக்கிறது. குடையை விரித்ததுபோல் படர்ந்த கிளைகள், கிளைகளின்மேல் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெரணிகள். மாலையில் இலைகளை மூடிக்கொள்வதால் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம், மலாய்க்காரர்கள் அதையே ஐந்து மணி மரம் என்ற பொருளில் போக்கோக் பூக்குல் லீமா என்கிறார்கள். வானம் இருண்டாலும் அது இலையை மூடத் தொடங்கும் என்பது நடைக்காரருக்குப் பயனுள்ள செய்தி. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு, மலைக்குப் பின்னால் கறுத்திருந்ததை நாங்கள் கவனிக்காதபோது, எதிரே வந்த ஒரு சீனப் பெரியவர் நின்று, கையால் மரத்தைக் காட்டி, மலாயில் மழை வருகிறது என்றார். நாங்கள் கூரையிட்ட இருக்கையை அடைவதற்கும் முதல் துளிகள் விழுவதற்கும் சரியாக இருந்தது. பள்ளத்தாக்கில் மழை பெய்தால் ஆற்று நீர் விரைவில் கலங்கி ஏறும், பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருப்பவர்கள் உடனே கரையேற வேண்டும். இடி இடித்தால் பெருமரத்தடியில் ஒதுங்கக் கூடாது. மழை நின்ற பிறகு தார்ச்சாலையில் ஒட்டிய சிற்றிலைகள் வழுக்குவதைப் போலப் பாசி படிந்த கல்கூட வழுக்காது என்பது என் அனுபவம். அம்மாவின் பழைய காலணியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள புதிய காலணியை 80 வெள்ளிக்கு வாங்கியது அந்த வாரத்தில்தான்.

இனிக் குரங்குகள். உணவளிக்க வேண்டாம் என்ற அறிவிப்பைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனோம், நாங்கள் உணவளிக்கவும் இல்லை. ஆனால் அம்மா நடை முடிந்ததும் சாப்பிடலாம் என்று உளுந்து வடை நான்கைச் சுட்டு நெகிழிப்பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒரு பாலத்தருகே உட்கார்ந்து அந்தப் பையின் முடிச்சை அவிழ்த்தபோது எழுந்த சரசரப்பு போதுமானதாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்தது, அம்மா திரும்புவதற்குள் பை குரங்கிடம் இருந்தது. பெரிய ஆண் குரங்கு, நீண்ட வால், எந்த அவசரமும் இல்லை. பாலத்தின் கைப்பிடியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, வடையை இரண்டாகப் பிய்த்து, உள்ளே இருந்த பச்சை மிளகாய்த் துண்டை விரலால் பிடித்து எடுத்து, முகர்ந்து பார்த்துக் கீழே போட்டுவிட்டு மீதியைத் தின்றது. பிடுங்கப் போன என்னை அம்மா சட்டையைப் பிடித்து நிறுத்தினார், நல்லவேளை. குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒரு வடைக்கு அவ்வளவு அலைச்சல் தேவையில்லை.

அன்றிலிருந்து நாங்கள் உண்ணும் பொருள் எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை. தண்ணீர்ப் புட்டிகூட தோளில் மாட்டும் துணிப்பைக்குள், ஜிப் போட்ட நிலையில் இருக்கும். அம்மாவுக்கு நீரிழிவும் உண்டு என்பதால் இரண்டு மிட்டாய்கள் என் கால்சட்டைப் பையில் இருக்கும், காகிதம் சரசரக்காதபடி கைக்குட்டையில் சுற்றியபடி. குரங்கின் கண்ணை நேராக முறைத்துப் பார்ப்பதும் பல் தெரியச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பது போலாகும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும். இங்கே மற்றொரு வகைக் குரங்கும் உண்டு. லோத்தோங் எனப்படும் அந்தச் சாம்பல்நிறக் குரங்குக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியாரைப் போல இருக்கும். அது இலைதழை தின்னும், மரத்தின் உச்சியிலேயே இருக்கும், மனிதரிடம் வராது. அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிச்சிலிப்பழம் கிளைக்குக் கிளை தாவுவதைப் போல் தெரிந்த அந்தக் காட்சியை, வடை பறிபோன அதே காலையில்தான் பார்த்தோம்.

அருவியைப் பார்க்க வேண்டும் என்று வருவோருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. பினாங்கு நகரத்துக்கும் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கும் ஒரு காலத்தில் குடிநீர் தந்தது இந்த அருவிதான், 1892-இல் அதன் அருகே நீர்த்தேக்கமும் கட்டினார்கள். அந்தப் பகுதி இன்றும் நீர் வழங்கலுக்கு உரியது, முன் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. பெயரில் அருவி இருப்பதால் உறவினர்களிடம் அருவியைக் காட்டுவதாக வாக்களித்துவிட வேண்டாம், ஈப்போவிலிருந்து வந்த என் சித்தப்பா குடும்பத்திடம் நான் அப்படி வாக்களித்துவிட்டு, ஆற்றைக் காட்டிச் சமாளிக்க நேர்ந்தது. அதேபோல் தோட்ட வாசலுக்கு அருகிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் பாதை தொடக்கத்தில் அப்பாவியாகத் தெரியும், ஆனால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரமும் செங்குத்தான ஏற்றம். நல்ல முழங்கால் உள்ளவர்களையே அது சோதித்துவிடும்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் போகிறோம். முதல் மாதத்தில் பத்து நிமிடத்தில் உட்கார்ந்த அம்மா, கீழ்ச்சுற்றை இரண்டு இடங்களில் மட்டும் அமர்ந்து நாற்பது நிமிடத்தில் முடிக்கிறார். தேய்ந்த மூட்டு திரும்ப வளரவில்லை, மழை நாள்களில் வலி வரத்தான் செய்கிறது. ஆனால் மீன் பசாருக்குத் தாமே போய் வருகிறார், அங்கே நின்று பேரம் பேசும் நேரமும் கூடியிருக்கிறது. நடை முடிந்ததும் வாயிலுக்கு வெளியே உள்ள கடையில் ஓர் இளநீரை இருவருமாகக் குடிக்கிறோம், நீரிழிவை எண்ணி அம்மாவுக்குக் கால் பங்கு, எனக்கு முக்கால். அந்தக் கணக்கில் தமக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பது அவர் தரப்பு.

எங்கள் எதிர்வீட்டு அக்காவும் அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கும் முழங்கால்தான், இடது பக்கம். கோலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அம்மா நேற்றே அவருக்குப் பொது நடையில் வைத்து நடந்து காட்டினார். பலகாரம் எதுவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டார், காரணத்தை மட்டும் சொல்லவில்லை.